உண்டவர் உரைக்க வேண்டிய உண்மை

உணவைப் பற்றி எழுதுதல் சிறு செயல் என்னும் எண்ணம் நம் கற்றோரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அரசியலைப் பற்றி எழுதுபவர் இதழாளர். பொருளியலைப் பற்றி எழுதுபவர் அறிஞர். சாப்பாட்டைப் பற்றி எழுதுபவரோ நாவுக்கு அடிமையானவர் என்று எள்ளி நகையாடுவது வழக்கமாகிவிட்டது. தமிழ் பயிலும் மாணவர்கள் இவ்வெண்ணத்தை ஏற்றல் தகாது என்பது நம் கருத்து. ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கிய ஒருவர் நாளிதழ்களில் உயர்ந்து, பின்னர்த் தமக்கெனத் தனி இணைய இதழ் கண்ட வரலாறு நம் காலத்திலேயே நிகழ்ந்துள்ளது. அவ்வரலாற்றை முன்னிறுத்தி, உணவு எழுத்து எப்போது இலக்கியமாகும், எப்போது வெறும் விளம்பரமாகும் என்பதை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

சங்கம் காட்டிய வழி

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளும், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளும் கொண்டவை. முன்னது திண்டிவனத்தைச் சூழ்ந்த ஓய்மாநாட்டு வழியைக் கூறுகின்றது. பின்னது காஞ்சிக்குச் செல்லும் தொண்டைநாட்டு வழியைக் கூறுகின்றது. இரண்டும் நாம் வாழும் செங்கல்பட்டுச் சீமைக்கு அண்டை நிலத்துப் பாடல்கள். நம் மண்ணுக்கு உறவானவை.

இவ்விரு நூல்களிலும் வழி கூறும் பாணன் ஊர்களின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. எந்த ஊரில் எவர் என்ன உணவு தருவர் என்பதையும் சொல்கின்றான். எயினர் குடியில் புல்லரிசிச் சோறு, ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் மனையில் நெற்சோறும் கோழியும், அந்தணர் மனையில் மாதுளங்காயும் மாவடுவும், ஆமூர் உழவரிடம் வெண்சோறும் நண்டும் என்று அப்பட்டியல் விரிகின்றது. இதனை வெறும் உணவுப் பட்டியல் என்று ஒதுக்குதல் கூடுமோ? எந்த நிலத்தார் எத்தொழில் செய்து எவ்வுணவைப் பெற்றனர் என்னும் வாழ்க்கைச் செய்தி அன்றோ அது? அக்காலத்து உழவையும் வேட்டையையும் மீன்பிடித் தொழிலையும் ஆராய்வோர் இன்றும் இந்நூல்களைத் தேடிச் செல்வதற்கு அதுவே காரணம்.

ஆற்றுப்படையில் மற்றொரு நயமும் உண்டு. வழி கூறும் பாணன் வள்ளலிடம் பரிசில் பெற்றவன். ஆகவே அவன் வள்ளலைப் புகழ்வதில் வியப்பில்லை. ஆயினும் தான் பெற்றதை அவன் மறைக்கவில்லை. "யாம் பெற்றோம், நீயும் செல்க" என்பதே அவ்விலக்கிய வகையின் அடிப்படை அமைப்பு. புகழ்பவன் பயன் பெற்றவன் என்பது கேட்பவனுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகின்றது. புகழை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அவனே எடை போட்டுக்கொள்வான். இந்நேர்மையை நினைவில் இருத்திக்கொண்டு இன்றைய காலத்துக்கு வருவோம்.

ஓர் இதழாளரின் பயணம்

மன்னார்குடியைச் சேர்ந்த இதழாளர் சமஸ் அவர்கள் தினமணி நாளிதழில் பணியாற்றிய காலத்தில், தமிழகத்து ஊர்களின் எளிய உணவகங்களையும் பலகாரங்களையும் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அவை பின்னர்ச் 'சாப்பாட்டுப் புராணம்' என்னும் பெயரில் நூலாயின. பெருநகரத்து விடுதிகளின் அலங்காரத்தைப் பேசும் எழுத்தே உணவு எழுத்து என்று பலர் கருதியிருந்த நாளில், சிற்றூர்க் கடைகளும் அவற்றை நடத்துவோரும் எழுத்துக்கு உரியவர்கள் என்பதை அக்கட்டுரைகள் உணர்த்தின.

அதன்பின் அவர் ஆனந்த விகடனிலும், 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்து தமிழ் நாளிதழிலும் பணியாற்றினார். அந்நாளிதழில் நடுப்பக்கக் கட்டுரைகளுக்கான பொறுப்பை ஏற்றார். 'நீர் நிலம் வனம்' என்னும் தொடரை எழுதினார். கடலோர மக்களின் வாழ்வைக் கூறும் 'கடல்' என்னும் நூலும் வெளிவந்தது. 2021-ஆம் ஆண்டு நாளிதழ்ப் பணியிலிருந்து விலகி, 'அருஞ்சொல்' என்னும் இணைய இதழைத் தொடங்கினார்.

அவருடைய அரசியல் கருத்துகளோடு உடன்படுவோரும் உண்டு, மாறுபடுவோரும் உண்டு. அது இங்கு நம் பொருளன்று. நாம் காண வேண்டுவது அப்பயணத்தின் ஒழுங்கை. உணவில் தொடங்கிய எழுத்து கடலுக்கும் நிலத்துக்கும் சென்றது தற்செயல் என்று நாம் கருதவில்லை. இலையில் கிடக்கும் மீனை உற்று நோக்குபவர், அம்மீனைப் பிடித்தவர் யார், அவருக்குக் கிடைத்த விலை என்ன, இடையில் நின்றவர் எடுத்துக்கொண்டது என்ன என்று வினவாமல் இருக்க இயலாது. சோற்றை உற்று நோக்குபவர் ஏரியையும் வாய்க்காலையும் நோக்கியே தீர்வார். எனவே நல்ல உணவு எழுத்து இதழியலின் கடைக்கோடி அன்று. அதன் தலைவாயில் என்றே கூறலாம்.

தனித்து நிற்றலின் அருமை

நிறுவனத்தை விட்டுத் தனித்து நிற்பது என்பது சொல்லுக்கு எளிது. நாளிதழ் ஒன்று தன் எழுத்தாளருக்கு ஊதியமும் வழிச்செலவும் தருகின்றது. பிழை திருத்த ஆசிரியர் குழு இருக்கின்றது. வழக்கு வந்தால் வழக்கறிஞர் இருக்கின்றார். விளம்பரம் திரட்டும் பணியைத் தனிப் பிரிவினர் செய்கின்றனர். எழுதுபவர் அவர்களிடம் கைநீட்ட வேண்டுவதில்லை. தனித்து நிற்பவர் தோளில் இவை அனைத்தும் ஒருசேர ஏறிக்கொள்கின்றன. அவரே எழுத்தாளர், அவரே மெய்ப்பு நோக்குபவர், அவரே கணக்கர், அவரே விளம்பரத்துக்கு விலை பேசுபவரும் ஆகிவிடுகின்றார்.

உலக நிலையும் இதுவே. அமெரிக்காவில் கிரெய்க் கிளெய்போர்ன் என்பவர் 1957-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் உணவுப் பகுதி ஆசிரியரானார். உணவகத்துக்கு முன்னறிவிப்பின்றிச் செல்லுதல், ஒருமுறைக்கு மேல் சென்று உண்ணுதல், உண்டதற்கு இதழே பணம் செலுத்துதல் ஆகிய நெறிகளை நிலைநாட்டியவருள் அவர் முதன்மையானவர். அத்தகையவரே 1970-களின் தொடக்கத்தில் நாளிதழை விட்டுத் தம் பெயரில் தனி மடல் இதழ் ஒன்றை நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே திரும்பினார். புகழ் இருந்தது, திறமை இருந்தது, போதிய சந்தா இல்லை. 1941-ஆம் ஆண்டு தொடங்கிய 'கூர்மே' என்னும் பெரிய உணவு இதழும் விளம்பர வருவாய் குன்றிய 2009-ஆம் ஆண்டில் நின்று போயிற்று.

இதற்கு மாறான சான்றுகளும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பிழைப்புத் தேடி வந்த பல நாட்டு மக்களின் சிறு கடைகளைப் பற்றி வார இதழில் எழுதி வந்த ஜோனதன் கோல்ட், 2007-ஆம் ஆண்டு விமரிசனத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். உணவு எழுத்துக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பெருந்தொற்றால் உணவகங்கள் அடைபட்ட 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் இலண்டனில் ஜோனதன் நன் தொடங்கிய 'விட்டில்ஸ்' என்னும் மின்மடல் இதழ், வாசகர் செலுத்தும் சந்தாவைக் கொண்டு வளர்ந்தது. தமிழகத்திலும், புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஓர் உழவர் குடும்பத்தார் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் யூடியூபில் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டது. வயல்வெளியில் தாத்தாவும் பேரன்மாரும் சமைப்பதை உலகமே கண்டு களித்தது. நகரத்தின் துணையோ பெருநிறுவனத்தின் முதலோ இன்றியும் நம் மக்கள் உலகின் முன் நிற்கலாம் என்பதற்கு இது கண்கூடான சான்று.

இணையத்துக்கு முன்பே இவ்வழியை நமக்குக் காட்டிய பெண்மணி ஒருவரும் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ஆம் ஆண்டு 'சமைத்துப் பார்' நூலைத் தாமே வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மணமக்களுக்குச் சீராக வழங்கப்பட்ட அந்நூல், வாசகரின் கைப்பொருளாலேயே வாழ்ந்தது.

பணம் தருபவர் யார்?

இவ்வாறு நோக்கும்போது வினா ஒன்றே எஞ்சுகின்றது. எழுதுபவருக்குப் பணம் தருபவர் யார்? இதழ் அச்சில் வருகின்றதா இணையத்தில் வருகின்றதா என்பது இரண்டாம் வினாவே.

இவ்வினா புதிதன்று. பிரான்சு நாட்டில் கிரிமோ தெ லா ரேனியே என்பவர் 1803-ஆம் ஆண்டு முதல் உணவு ஆண்டு மலர்களை வெளியிட்டார். வணிகர்கள் தம் பண்டங்களை அவரிடம் அனுப்புவர். அவர் கூட்டிய சுவைஞர் குழு உண்டு பார்த்துத் தீர்ப்புக் கூறும். தீர்ப்பு மலரில் வெளிவரும். நாளடைவில் அத்தீர்ப்புகள் நடுநிலை தவறியவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இலவசமாக வந்த பண்டத்தின் மீது கூறிய தீர்ப்பை ஊரார் ஐயுற்றதில் தவறில்லை. உணவு விமரிசனம் பிறந்த நாளிலேயே அதன் நோயும் உடன் பிறந்துவிட்டது எனலாம்.

இன்று அந்நோய் கைப்பேசி வழியே பெருகியுள்ளது. உணவகத்தார் அழைக்கின்றனர், இலவசமாக உணவு படைக்கின்றனர், உடன் ஒரு தொகையும் தருகின்றனர். காணொளியில் வருபவர் ஒரு கவளம் உண்பதற்குள் கண்களை மூடி வியக்கின்றார். காண்பவர் அதனைத் தம் நண்பர் ஒருவரின் சான்றாக எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்கின்றார். முதலாளியின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டோம் என்று மகிழ்பவர், கடைக்காரரின் கட்டுப்பாட்டுக்குள் புகுந்துவிடுகின்றார். அதற்கும் அப்பால், எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணிக்கையும் ஒரு முதலாளியாகி அவரை ஆட்டுகின்றது. தனித்து நிற்றல் வேறு, தன்னுரிமையோடு நிற்றல் வேறு என்பதை இளைஞர் உணர்தல் வேண்டும்.

சட்டம் இதனைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான நெறிமுறைகள் 2022 ஜூனில் வெளியிடப்பட்டன. சமூக ஊடகங்களில் பரிந்துரை செய்வோருக்கான விளக்கத்தை நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்டது. பணம் மட்டுமன்றி, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்குமிடம் ஆகிய எதனைப் பெற்றாலும் அதனைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பரிசில் பெற்றதைப் பாடலிலேயே ஒளிக்காமல் உரைத்த பாணனின் நேர்மையை, இன்று சட்டம் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

"அன்போடு படைத்த உணவுக்கு விலை பேசுதல் நம் பண்பாடு ஆகுமோ?" என்று சிலர் வினவலாம். விருந்தோம்பல் வேறு, விளம்பரம் வேறு. விருந்தாளி வீட்டுக்கு வருகின்றார். உண்டு வாழ்த்திச் செல்கின்றார். எழுதுபவரோ ஆயிரம் பேரின் சார்பாகக் கடைக்கு வருகின்றார். அவ்வாயிரவர் அவரிடம் ஒப்படைத்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதனைக் கடைக்காரரின் ஒருவேளை உணவுக்கு ஈடாக வைத்தல் முறையன்று. உண்டபின் உரிய விலையைக் கொடுத்துவிடலாம். கொடுக்க இயலவில்லையெனில் கொடுக்கவில்லை என்று எழுதிவிடலாம். இரண்டுமே எளியவை.

நம் கடற்கரையில் எழுதப்படாதவை

இப்பொருள் நம் ஊருக்கு ஏன் வேண்டும்? சிறுசேரியைச் சுற்றி நோக்குவோம். வயலும் ஏரியுமாக இருந்த இடத்தில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் நாவலூர் முதல் கேளம்பாக்கம் வரை உணவகங்கள் நிறைந்துள்ளன. பல மாநிலத்து இளைஞர்கள் இங்கு வந்து உழைக்கின்றனர். அவர்களோடு அவர்களுடைய உணவும் வந்துள்ளது. இவற்றைப் பற்றிய காணொளிகளுக்குக் குறைவில்லை. எங்கே பிரியாணி மலிவு, எங்கே தட்டு பெரிது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி.

எழுதப்படாதவை எவை? முட்டுக்காட்டுக் கழியில் இறங்கி நண்டும் இறாலும் மடவையும் பிடிப்போரின் வாழ்வு எழுதப்படவில்லை. கேளம்பாக்கத்தை ஒட்டிய உப்பளங்களில் வெயிலில் நின்று உழைத்தோரின் கதை எழுதப்படவில்லை. கோவளத்துக் கரையில் விடியற்காலையில் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, உள்ளூர்த் தெருக்களில் விற்கும் பெண்கள் எத்தனை மணிக்கு எழுகின்றனர் என்பது எவருக்கும் தெரியவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை அது. அந்நாள்களில் மீன் விலை ஏறுவதற்குரிய காரணத்தை, மீன் குழம்பைப் புகழும் காணொளிகளில் எத்தனை எடுத்துரைக்கின்றன?

நம் வீடுகளிலும் எழுதப்படாதவை பல. நோன்புக் கஞ்சி ஊருக்கு ஊர் வேறுபடும். எந்த ஊரில் கறி சேர்ப்பர், எந்த ஊரில் பாசிப்பருப்பு சேர்ப்பர், பள்ளிவாசலில் பெரிய தேக்சாவில் அதனைக் காய்ச்சும் பொறுப்பை யார் ஏற்பர், அக்கம்பக்கத்துப் பிற சமயத்தார் பாத்திரத்தோடு வந்து வாங்கிச் செல்லும் வழக்கம் எப்படி வந்தது என்பனவற்றைக் கூறவல்ல மூத்தோர் இன்று நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் காலத்துக்குப் பின் எவரிடம் கேட்போம்? 2019-ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. புதிய மாவட்டத்துக்குப் புதிய அலுவலகங்கள் வந்துவிட்டன. அதன் மக்களின் உணவு வரலாறு மட்டும் இன்னும் ஏட்டில் ஏறவில்லை.

இதனைப் பெருநாளிதழ் வந்து எழுதும் என்று காத்திருத்தல் வீண். நாளிதழுக்குத் தமிழகம் முழுவதும் நோக்க வேண்டிய கடமை உண்டு. நம் ஒரு கழிக்கும் ஒரு கரைக்கும் அது தரக்கூடிய இடம் சிறிதே. இங்கு வாழ்பவரே எழுதுதல் வேண்டும். அதற்குரிய கருவி ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கின்றது.

செய்ய வேண்டுவன

மாணவர்களுக்குச் சிலவற்றை அன்போடு கூற விரும்புகின்றோம். ஒரு கடையைப் பற்றி எழுதுமுன் இருமுறையேனும் சென்று உண்ணுங்கள்; ஒருநாள் உப்பு மிகுந்ததைக் கொண்டு ஓர் ஏழையின் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள். உண்டதற்கு விலை கொடுங்கள். கொடுக்காதபோது அதனை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். முதலாளியிடம் பேசுவதோடு நின்றுவிடாமல், அடுப்படியில் நிற்பவரிடமும் பாத்திரம் துலக்குபவரிடமும் பேசுங்கள். 'அருமை', 'அற்புதம்' என்னும் சொற்களை விடுத்து, புளிப்பு எப்படி, பதம் எப்படி, அரிசி எவ்வகை என்று கூறுங்கள். தமிழில் சுவைக்குச் சொல் பஞ்சம் இல்லை. நாம் தேடாததே குறை.

ஆசிரியப் பெருமக்கள் ஆற்றுப்படை பாடம் நடத்தும்போது, மாணவரைக் கோவளத்துக்கும் திருப்போரூர்ச் சந்தைக்கும் அனுப்பி எழுதி வரச் செய்யலாம். அவ்வாறு வரும் கட்டுரைகளைத் துறையின் சார்பில் சிறு இணைய இதழாக வெளியிடலாம். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை.

சமுதாயப் பெரியோரிடம் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. நல்ல இதழ் வேண்டும் என்று எல்லோரும் விரும்புகின்றோம். ஆயினும் சந்தா என்றவுடன் கை பின்வாங்குகின்றது. ஒரு குடும்பம் ஒருநாள் வெளியில் உண்ணும் செலவில் ஓர் இணைய இதழுக்கு ஆண்டுச் சந்தா செலுத்திவிடலாம். விளம்பரம் தருபவர்களாயின், "விளம்பரம் தந்தோம்; ஆகவே எங்களைப் புகழ்க" என்று கேளாதிருங்கள். புகழுக்கு விலை கொடுத்தால் அப்புகழை எவரும் நம்பார். உண்மை எழுதும் இதழில் வெளிவரும் ஒரு வரிப் பாராட்டு, விலைக்கு வாங்கிய நூறு காணொளிகளைவிடக் கடைக்கு நன்மை செய்யும்.

சமஸ் போன்றோர் நாளிதழை விட்டுத் தனி இதழ் காணும்போது, "துணிந்துவிட்டார்" என்று பாராட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கின்றோம். துணிவு எழுதுபவருக்குரியது, அத்துணிவை நிலைக்கச் செய்வது வாசகருக்குரியது. வாசகர் பணம் தராத இடத்தில் வேறொருவர் தருவார். தருபவர் தம் விருப்பத்தை எழுதுவிப்பார். சங்கப் பாணன் பெற்றதைச் சொன்னான். அதனால் அவன் சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்புகின்றோம். நம் ஊரின் சோற்றையும் மீனையும் உப்பையும் பற்றி நம் பிள்ளைகள் எழுதப்போகும் சொல்லையும் பின்வருவோர் நம்புமாறு செய்வோமாக.